மண்ணின் கட்டுக்கோப்பும் இயற்கைப் பசைகளும்

எந்தப் பாடசாலை மாணவனும் எளிதிற் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. பல்லாண்டு காலமாக உழுது பயிரிட்டுவந்த தோட்டத்தின் நடுவிலிருந்து நெல்லிக்காய் அளவான மண்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். அதே தோட்டத்தின் வேலியோரத்திலே, மண்வெட்டி படாத புற்றரையிலிருந்து அதே அளவான கட்டி ஒன்றையும் எடுக்கவேண்டும். இரண்டையும் நிழலில் நன்றாக உலர்த்தித் தெளிந்த நீர் நிரம்பிய இரு கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொன்றாக மெதுவாக இடவேண்டும். தோட்டத்து மண்கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் சிதைந்து, சேறாகி, அடியிற் படிந்துவிடும். வேலியோரத்துக் கட்டியோ நீரை உறிஞ்சிக் குமிழிகளை வெளிவிட்டு, உருக்குலையாமல் நெடுநேரம் கிடக்கும். இரண்டும் ஒரே மண், ஒரே நிறம், ஒரே மழையில் நனைந்தவை. அவ்வாறாயின் ஒன்று கரைவதற்கும் மற்றொன்று நிலைப்பதற்கும் காரணம் யாது?

இவ்வினா குவளையோடு நின்றுவிடுவதன்று. குவளையில் நிகழ்வதே மழைக்காலத்தில் வயலிலும் நிகழ்கின்றது. கட்டுக்கோப்பு இழந்த மண்ணின்மீது மழைத்துளி விழும்போது மேற்பரப்பிலுள்ள சிறு கட்டிகள் உடைகின்றன. உடைந்த நுண்டுகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. பின்னர் வெயில் எறித்ததும் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுகின்றது. முளைத்துவரும் வித்து அவ்வோட்டைப் பிளக்கமாட்டாது வாடுகின்றது. அடுத்து வரும் மழைநீர் உள்ளே இறங்காது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகின்றது. இட்ட பசளையும் அதனுடன் போய்விடுகின்றது. கமக்காரன் நீரும் பசளையும் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் இடுகின்றான். உண்மையில் அங்கே குறைந்தது, நீரையும் பசளையையும் ஏற்றுக்கொள்ளும் மண்ணின் அமைப்பேயாகும்.

மண் என்பது மணல், அடையல், களி என்னும் மூவகைத் துகள்களின் வெறுங் குவியலன்று. ஒரு வீட்டுக்குக் கல்லும் மரமும் மட்டும் போதா; அவற்றை இணைத்து அறைகளும் வாயில்களும் அமைத்தாலன்றோ அது வீடாகும்? அதுபோல, துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து சிறு திரளைகளாகவும், திரளைகளுக்கிடையே பெரிய துளைகள், திரளைகளுக்குள்ளே நுண்டுளைகள் என்ற ஒழுங்குடனும் அமைந்தாலே மண் பயிருக்கு ஏற்ற வீடாகின்றது. பெரிய துளைகளின் வழியே காற்று உலாவும். மிகையான நீர் வடியும். நுண்டுளைகளில் வேருக்கு வேண்டிய நீர் தங்கும். இவ்வீட்டின் கற்களை இணைக்கும் சாந்து யாது என்பதே வினா.

அச்சாந்து உயிர்களால் ஆக்கப்பட்டது. அதனைப் பல்பகுதியம் என்னும் பொருள்வகையுள் அடக்குவர். பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் மாலையாவதுபோல, ஒரேவகையான அல்லது ஒத்தவகையான சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் தொடுக்கப்பட்டு நீண்ட சங்கிலியாய் அமைந்த பொருளே பல்பகுதியம். அரிசியிலுள்ள மாப்பொருளும், பருத்தி நூலிலும் வைக்கோலிலுமுள்ள செலுலோசும் வெல்ல மூலக்கூறுகளால் தொடுக்கப்பட்ட மாலைகளே. மரத்துக்கு வைரம் கொடுக்கும் இலிக்கினின், நண்டினதும் இறாலினதும் ஓட்டிலுள்ள கைற்றின், கடற்பாசியின் வழுவழுப்பான அல்கினேற்று ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தனவே. உயிரினங்கள் ஆக்குவதனால் இவை இயற்கைப் பல்பகுதியங்கள் எனப்படும்.

இத்தகைய நீண்ட சங்கிலி மண்ணில் எவ்வாறு பசையாகின்றது? களித்துகள்கள் மிக நுண்ணிய தட்டுகள். அவற்றின் மேற்பரப்பில் மறையேற்றம் உண்டு. பல்பகுதியச் சங்கிலி ஒரு களித்தட்டிற் சில இடங்களிலும், அயலிலுள்ள மற்றொரு தட்டிற் சில இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும்போது அவ்விரண்டையும் கயிறுபோற் கட்டிவிடுகின்றது. ஓரிடத்துப் பிணைப்பு வலிமை குறைந்ததேயெனினும், ஒரே சங்கிலி நூறு இடங்களிற் பற்றுவதனால் நீர் அதனை எளிதிற் கழற்ற இயலாது. சங்கிலியும் மறையேற்றமுடையதாயின், களியும் அதுவும் ஒன்றையொன்று தள்ளும். அப்பொழுது இரட்டை நேரேற்றமுள்ள கல்சியம் இடையில் நின்று இரண்டையும் இணைக்கும் பாலமாகின்றது. சுண்ணாம்புச் சத்துள்ள மண் பெரும்பாலும் நல்ல திரளையுடையதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலியோர மண்ணில் இச்சாந்தைப் பூசியவர் யார்? வேர்களும், மண்புழுக்களும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகளுமேயாம். பற்றீரியாக்கள் வறட்சியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற பல்சக்கரைட்டுக்களைச் சுரக்கின்றன. பங்கசுக்களின் மெல்லிய இழைகள் மண்துகள்களை வலைபோற் சுற்றிக்கட்டுகின்றன. வேர்களுடன் கூடிவாழும் ஒருவகைப் பங்கசுக்கள் ஆக்கும் குளோமலின் என்னும் புரதத்தன்மையுள்ள பொருளை 1996ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த சாரா ரைற் என்னும் விஞ்ஞானி விவரித்தார். அதன் துல்லியமான இயல்பு பற்றி இன்றும் ஆய்வாளரிடையே வாதம் நிகழ்கின்றதெனினும், பங்கசு இழைகள் செறிந்த மண் நீரிற் கரையாது நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. மண்புழுவின் பணியைச் சாள்ஸ் டாவின் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக ஆராய்ந்தார்.

இனி, தோட்டத்து மண் இச்சாந்தை இழப்பது எவ்வாறு என்று நோக்குவோம். மண்ணைக் கொத்தும்போதெல்லாம் பங்கசு வலைகள் அறுகின்றன. புதிய காற்று உட்புகுகின்றது. நம் நாட்டின் வெப்பத்தில் நுண்ணங்கிகள் விரைந்து பெருகி, வேறு உணவில்லாதபோது அச்சாந்தையே உண்டு தீர்க்கின்றன. வருடத்தில் இரண்டு மூன்று போகம் பயிரிட்டு, தழையையும் தாளையும் அள்ளி எரித்துவிட்டு, யூரியாவை மட்டும் இடும் நிலத்தில் சாந்து உண்டாவதிலும் அழிவதே மிகுதி. வரவினும் செலவு மிக்க குடும்பத்தின் நிலை யாதோ, அதுவே அம்மண்ணின் நிலையுமாகும்.

இக்குறையை இரசாயனத்தால் நிரப்ப இயலுமா என அமெரிக்கர் முயன்றனர். மண்ணிலுள்ள இயற்கைப் பல்சக்கரைட்டுக்களின் தொழிலைச் செய்யவல்ல செயற்கைப் பல்பகுதியம் ஒன்றை மொன்சாண்டோ நிறுவனம் ஆக்கி, கிரிலியம் என்னும் பெயரில் 1951ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. சிறிதளவு கலந்தவுடனேயே களிமண் பொலபொலப்பாவதைக் கண்டு பலர் வியந்தனர். ஆயினும் பரந்த வயல்களுக்கு இடுவதற்கு அதன் விலை கட்டவில்லை. சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது. பின்னர் 1990களில் ஐடகோ மாநிலத்து ஆய்வாளர், பொலியக்கிறிலமைட்டு என்னும் செயற்கைப் பல்பகுதியத்தை முழு நிலத்துக்கும் இடாது, வாய்க்காலிற் பாயும் நீரில் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவே கலந்துவிட்டனர். மண்ணரிப்புப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது. முழு மண்ணையும் திருத்தவேண்டியதில்லை, நீர் தொடும் மேற்பரப்பைத் திருத்தினாலே பெரும்பயன் உண்டு என்னும் உண்மை அதனாற் புலனாயிற்று.

செயற்கைப் பொருளுக்குப் பதிலாக இயற்கைப் பல்பகுதியங்களை இவ்வாறு பயன்படுத்தலாமா என்னும் ஆராய்ச்சி அதன்பின் வளர்ந்தது. மாப்பொருள், செலுலோசு ஆகியவற்றிலிருந்து ஆக்கப்பட்ட பசைகள் பயன் தந்தன. ஆனால் கூடுதலான அளவு வேண்டியிருந்தது. கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசன் ஆய்வுகூடத்தில் மிகச் சிறந்த பயனைக் காட்டியது. வயலிலோ அதே பயன் எப்பொழுதும் கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்துத் தட்டிலுள்ள மண்ணும் வயலிலுள்ள மண்ணும் ஒன்றல்ல என்பதை இதனால் உணரலாம். ஆகவே ஒவ்வொரு பசையின் குணத்தையும் அறிந்து, அதற்கு ஏற்ற மண்ணைத் தேர்தலே முறையாகும்.

கைற்றோசனை முதலில் எடுத்துக்கொள்வோம். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் கைற்றின் எஞ்சும். அதனைக் காரத்துடன் சூடாக்கிக் கைற்றோசன் ஆக்குவர். பெரும்பாலான இயற்கைப் பசைகள் மறையேற்றமுடையனவாகவோ ஏற்றமற்றனவாகவோ இருக்க, இது அமிலத்தன்மையுள்ள இடத்தில் நேரேற்றம் பெறுகின்றது. ஆதலின் மறையேற்றமுள்ள களியுடன் இடைப்பாலம் எதுவுமின்றி நேராகவே பிணைகின்றது. ஆனால் காரத்தன்மையான மண்ணில் அவ்வேற்றத்தை இழந்து வலிகுன்றுகின்றது. எனவே மலைநாட்டின் அமிலமண்ணுக்கு இது ஒருவாறு பொருந்தும். சுண்ணக்கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணுக்கு அவ்வளவு பொருந்தாது. இறால் ஓட்டைப் பொடித்து மண்ணிலிடுவது வேறொரு வகையிற் பயன்படும். கைற்றினை உண்ணும் நுண்ணங்கிகள் அங்கே பெருகி, கைற்றினாலான சுவருடைய நோய்ப் பங்கசுக்களையும், கைற்றின் உறையுடைய வட்டப்புழு முட்டைகளையும் தாக்குகின்றன. புத்தளத்து இறால் வளர்ப்பிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் நண்டுப்பிடியிலும் கழிவாகும் ஓடுகள் இவ்வகையில் வெறுங் குப்பையல்ல.

அடுத்தது அல்கினேற்று. இது கபிலநிறக் கடற்பாசிகளில் உள்ளது. இதன் கரைசலுடன் கல்சியம் சேர்ந்தவுடன் அது பாகுநிலை நீங்கித் திரண்டு கூழாகின்றது. அக்கூழ் தன்னுள் நீரைப் பிடித்துவைக்கின்றது. ஆதலின் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அல்கினேற்று நிலைபெறுதல் இயல்பு. ஆனால் பிரித்தெடுத்த தூளைக் கரைக்கும்போது கவனம் வேண்டும். குடாநாட்டுக் கிணற்றின் வன்னீரிற் கரைத்தால் மண்ணைச் சேருமுன் பாத்திரத்திலேயே திரளக்கூடும்; மழைநீரே அதற்கு ஏற்றது. இரசாயனம் அறியாத மக்களும் கடற்பாசியின் இப்பயனை நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள அரன் தீவுகள் வெறுஞ் சுண்ணக்கற் பாறைகள். அத்தீவினர் கடற்கரை மணலையும் கடற்பாசியையும் அடுக்கடுக்காகப் பரப்பிப் பாறைமேல் மண்ணையே உண்டாக்கி, அதில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். நம் கரையோரத்தில் ஒதுங்கும் சாதாழையையும் இவ்வாறு பயன்படுத்தலாம். ஆனால் மழையில் நனையவிட்டு உப்பைப் போக்கிய பின்னரே அதனை மண்ணிற் சேர்க்கவேண்டும்.

மாப்பொருளின் கதையும் அறியத்தக்கது. 1970களில் அமெரிக்காவின் பியோரியா நகரத்து அரசாங்க ஆய்வுகூடத்தார், சோள மாப்பொருளுடன் செயற்கைப் பல்பகுதியமொன்றை ஒட்டவைத்து, தன் நிறையைப்போல் பல நூறு மடங்கு தூயநீரை உறிஞ்சும் பொருள் ஒன்றை ஆக்கினர். வறண்ட நிலத்துக்கு இது வரப்பிரசாதமன்றோ என்று தோன்றும். ஆனால் 'தூயநீர்' என்னும் சொல்லிலேயே மருமம் அடங்கியுள்ளது. உப்போ கல்சியமோ கலந்த நீரில் இத்தகைய பொருள்கள் உறிஞ்சும் அளவு பெரிதும் குறைந்துவிடுகின்றது. உவர்நீர்க் கிணறுகளை நம்பிய தோட்டங்களில், பெட்டியின்மேல் அச்சிட்ட மடங்குகளை நம்பிப் பணத்தைச் செலவிடலாகாது.

இவ்விடத்திற் சிறு கணக்கொன்றும் போட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பரப்புத் தோட்டத்தில் ஆறு அங்குல ஆழம்வரை உள்ள மேல்மண்ணின் நிறை ஏறத்தாழ 50 மெற்றிக் தொன். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பசை சேர்க்கவேண்டுமாயின் 50 கிலோகிராம் வேண்டும். அவ்வாறாயின், ஒரு போத்தல் திரவத்தைத் தெளித்தவுடன் மண் முழுவதும் திருந்திவிடும் என்பது எவ்வாறு பொருந்தும்? கடற்பாசிச் சாறு போன்றவை சிறிய அளவிலே பயிரின் வளர்ச்சியைத் தூண்டலாம்; அது வேறு, மண்ணைத் திருத்துதல் வேறு. விலைகொடுத்து வாங்கிய பசையை நாற்றுமேடையிலும், நடுகைக் குழியிலும், வித்திடும் வரியின் மேற்பரப்பிலும் மட்டும் இடுதலே கட்டுபடியாகும். தோட்டம் முழுவதற்குமான பசையை அத்தோட்டத்திலேயே உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

அவ்வாறு உண்டாக்கும் வழியை யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நன்கு அறிந்திருந்தனர். குழை தாழ்த்தல், பனையோலை தாழ்த்தல், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தல், பட்டி அடைத்தல் என்பன அவர்தம் பரம்பரை முறைகள். இவற்றின் உட்பொருளை இன்றைய அறிவால் விளங்கிக்கொள்ளலாம். பூவரசங்குழையும் சீமைக்கிளுவைக்குழையும் மென்மையானவை. விரைவில் உக்கி நுண்ணங்கிகளுக்கு உணவாகின்றன. நுண்ணங்கிகள் அவ்வுணவை உண்டு பசையைச் சுரக்கின்றன. அப்பசை விரைந்து உண்டாகி விரைந்தே அழிவது. பனையோலையோ இலிக்கினின் மிக்கது; மெதுவாக உக்கி நீண்டகாலம் மண்ணைத் தாங்குவது. உடனடிச் செலவுக்குக் கைப்பணமும் பிற்காலத்துக்குச் சேமிப்பும்போல இரண்டும் வேண்டும். தும்புத்தூளும் பனையோலையைப் போன்றதே. நீரை மிகுதியாகப் பிடித்துவைக்கும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வைக்கோல், தும்புத்தூள் போன்றவற்றிற் காபன் மிகுதி. நைதரசன் மிகக் குறைவு. அவற்றை உக்கவைக்காது மண்ணிற் கலந்தவுடன் பயிரிட்டால், நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளித்துப்போகும். எருவுடன் கூட்டி உக்கவைத்து இடுவதோ, பயிரிடுவதற்குச் சில வாரங்கள் முந்தியே தாழ்த்துவதோ இதற்குப் பரிகாரம்.

பசை மண்ணைத் திருத்துமேயன்றிப் பயிருக்கு உணவாகாது என்பதையும் மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் போதிய சேதனப் பசளை கிடைக்காமையால் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நல்ல மண்ணமைப்பை ஒரே போகத்தில் உண்டாக்கிவிட இயலாது. அஃது ஆண்டாண்டாகச் சேர்ப்பது. சேதனப் பொருளையும் அசேதனப் பசளையையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாது, முன்னதைப் பெருக்கிப் பின்னதைப் படிப்படியாகக் குறைத்தலே அறிவுடைமையாகும். வள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்தில் எருவிடுதலைப் போற்றியதோடு அமையாது, களைகட்டலையும் நீர்பாய்ச்சலையும் காவலையும் உடன்வைத்தே கூறினார்.

இவ்வாறு குறைப்பது விளைச்சலை மட்டும் பொறுத்ததன்று, குடிநீரையும் பொறுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கித் தங்கும் நிலத்தடி நீரே அதன் ஒரே பெருஞ்சேமிப்பு. தோட்டத்தில் மிகையாக இட்ட பசளை நைத்திரேற்றாகி, மிகையாக இறைத்த நீருடன் அதே சேமிப்பைச் சென்றடைகின்றது. மலக்குழிகளின் கசிவும் அதனோடு சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டு விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயும் அபாயம் உண்டு.

இயற்கைப் பசைகள் இதனைத் தடுக்குமா? களியும் உக்கலும் மறையேற்றமுடையன, நைத்திரேற்றும் அவ்வாறே. ஆதலின் அவை நைத்திரேற்றை நேராகப் பிடித்துவைப்பதில்லை. ஆனால் நீரைத் தாங்கும் மண்ணுக்கு அடிக்கடி இறைக்கவேண்டியதில்லை. இறைப்புக் குறையின் கசிவும் குறையும். வேர் ஆழமாக ஓடும் மண்ணில் இட்ட பசளையிற் பெரும்பங்கு பயிருக்கே சேரும். ஆகவே இடும் அளவையும் குறைக்கலாம். பசை வேலையின் ஒரு பாதியைச் செய்யும். மறுபாதி, அளவறிந்து பசளையிடும் கமக்காரன் கையில் உள்ளது.

ஆகவே செய்யத்தக்கன மிகச் சில. தழையையும் தாளையும் எரியாது மண்ணுக்கே திருப்புதல், போகங்களுக்கிடையே நிலத்தை வெறிதாக விடாது சணலோ பயறோ விதைத்தல், வேண்டாத கொத்தலைக் குறைத்தல், மண்ணைப் பரிசோதித்துப் பசளையிடுதல், விலைகொடுத்து வாங்கும் பசையை முதலில் இரண்டு பாத்தியில் மட்டும் இட்டு, இடாத பாத்தியுடன் ஒப்புநோக்குதல் என்பனவே அவை. இவற்றின் பயனை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வருடத்துக்கொருமுறை தோட்டத்து மண்கட்டி ஒன்றை உலர்த்தி நீர்க்குவளையில் இட்டுப் பார்த்தாற் போதும். முன்பு சில நிமிடங்களிற் கரைந்த கட்டி ஒரு மணி நேரம் நிலைக்குமாயின் மண் மீள்கின்றது என்று அறியலாம். வேலியோரத்துக் கட்டிக்கு ஈடாக அது நிற்கும் நாள்வரை அப்பணியைத் தொடர்தல் வேண்டும்.